உருவம் தேடியவர்கள் – 17: மருந்து எங்கே உட்கார்ந்தது?

2008 ஜனவரி 31 தேதியிட்ட ‘நேச்சர்’ இதழில் 591ஆம் பக்கத்தில் ஒரு கட்டுரை தொடங்குகிறது. அது முடிந்து தாளைப் புரட்டினால் 596ஆம் பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் ஒரே புரதத்தைப் பற்றியவை: இன்ஃப்ளூயன்சா ஏ வைரஸின் மேலுறையில் பதிந்திருக்கும் எம்2. ஒரே குடும்பத்து மருந்து அந்தப் புரதத்தில் எங்கே போய் ஒட்டுகிறது என்பதைத்தான் இரண்டும் காட்டின. முதல் கட்டுரையின்படி, மருந்து புரதத்தின் வெளிப்பக்கத்தில், கீழ்ப்பாகத்தில், நான்கு இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது கட்டுரையின்படி, புரதத்தின் நடுத்துளைக்குள் ஒரே ஒரு மூலக்கூறு அடைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து அச்சிட்டுவிட்டு, படிப்பவர்களே அடித்துக்கொள்ளட்டும் என்று பத்திரிகை ஒதுங்கிக்கொண்டதோ என்று தோன்றும்.

இந்த வழக்கு ஒரு நிலைக்கு வர இரண்டாண்டு பிடித்தது. அதற்கு உதவியது, படிகமும் வேண்டாம், கரைசலும் வேண்டாம் என்று சொன்ன ஒரு முறை: திடநிலை என்.எம்.ஆர்., அதாவது அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு. அதற்குள் போகுமுன் மருந்தின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். அது சுவாரசியமானது.

1933இல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஹொடொனீன் எண்ணெய்க் கிணறுகளின் பெட்ரோலியத்திலிருந்து ஒரு புதுப் பொருளைப் பிரித்தார்கள். பத்துக் கார்பன் அணுக்கள் கூண்டுபோலக் கோத்திருந்தன. வைரத்துக்குள் கார்பன் அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தில் ஒரு சிறு துண்டை மட்டும் வெட்டியெடுத்தால் எப்படியிருக்குமோ அப்படி. அடமண்டேன் என்று பெயர் வைத்தார்கள். முப்பது ஆண்டு கழித்து, அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் அந்தக் கூண்டின் உச்சியில் ஓர் அமீன் தொகுதியை ஒட்டவைத்து, அது ஃப்ளூ வைரஸைத் தடுக்கிறது என்று கண்டது. அதுதான் அமாண்டடின். ஆய்வு முடிவு 1964இல் வெளிவந்தது. 1966இல் அமெரிக்க அரசு அதை ஃப்ளூ தடுப்பு மருந்தாக அனுமதித்தது. அடுத்து அதன் உறவுக்காரரான ரிமாண்டடின் வந்தது.

வைரஸை அது எப்படித் தடுக்கிறது என்று அப்போது ஒருவருக்கும் தெரியாது. மருந்து வேலை செய்தது, கொடுத்தார்கள். இதற்கிடையே 1968இல் பாஸ்டனில், ஃப்ளூ வராமலிருக்க அமாண்டடின் சாப்பிட்ட ஒரு பார்க்கின்சன் நோயாளிக்கு நடுக்கமும் விறைப்பும் குறைந்தன. மாத்திரையை நிறுத்தியதும் திரும்பி வந்தன. மருத்துவர் ராபர்ட் ஷ்வாப் அந்த ஒரு பெண்மணியின் பேச்சைத் தட்டாமல் கேட்டுத் தொடர்ந்து ஆராய்ந்ததால், 1969 முதல் அமாண்டடினுக்கு இரண்டாவது வாழ்க்கை கிடைத்தது. இன்றைக்கு யாருடைய மருந்துச் சீட்டிலாவது அந்தப் பெயரைப் பார்த்தால், பெரும்பாலும் அது இந்த இரண்டாவது வேலைக்காகத்தான் இருக்கும்.

முதல் வேலையின் ரகசியம் 1985இல்தான் கசிந்தது. லண்டன் மில் ஹில் ஆய்வகத்தில் ஆலன் ஹே தலைமையிலான குழு, அமாண்டடினுக்கு மசியாத வைரஸ்களை வளர்த்து அவற்றின் மரபணுக்களைப் படித்தது. மாற்றங்கள் சிதறிக் கிடக்கவில்லை. 97 அமினோ அமிலங்களே கொண்ட எம்2 என்ற பொடிப் புரதத்தில், அதிலும் வைரஸின் சவ்வுக்குள் புதைந்திருக்கும் பகுதியில், குவிந்திருந்தன. மருந்தின் குறி அதுதான் என்று ஆயிற்று. ஆனால் எம்2 அங்கே என்ன செய்கிறது?

விடை தவளையிடமிருந்து வந்தது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் பின்டோ என்ற நரம்பியல் ஆய்வாளரும், லெஸ்லி ஹோல்சிங்கர், ராபர்ட் லாம்ப் என்ற வைரஸ் ஆய்வாளர்களும் சேர்ந்து, எம்2வுக்கான ஆர்.என்.ஏ.வை ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைக்குள் செலுத்தினார்கள். முட்டை அந்தப் புரதத்தைத் தயாரித்துத் தன் சவ்வில் பதித்துக்கொண்டது. மின்முனையைக் குத்திப் பார்த்தால் சவ்வின் வழியே மின்னோட்டம் ஓடியது. அமாண்டடினை ஊற்றினால் நின்றது. 1992இல் ‘செல்’ இதழில் இது வந்தபோது, வைரஸ் ஒன்று தனக்கென்று ஓர் அயனிக் கால்வாயையே வைத்திருக்கிறது என்பது உறுதியானது.

எம்2 சங்கிலிகள் நான்கு சேர்ந்து நிற்கின்றன. ஒவ்வொன்றும் சவ்வை ஊடுருவும் ஒரு சுருள். நான்கு சுருள்களுக்கும் நடுவே குறுகிய துளை. ஏரி மதகைப் போன்ற அமைப்பு என்றே வைத்துக்கொள்ளலாம், தண்ணீருக்குப் பதில் புரோட்டான்கள் பாய்கின்றன. 37ஆம் இடத்திலிருக்கும் ஹிஸ்டிடின்தான் அங்கே ஷட்டர், 41ஆம் இடத்து டிரிப்டோஃபான் அதற்குக் கீழே இன்னொரு தடுப்பு. செல் ஒன்று வைரஸை விழுங்கி ஒரு பைக்குள் அடைக்கும்போது அந்தப் பை மெல்ல அமிலமாகும். அமிலம் ஏறியதும் எம்2 திறக்கும், புரோட்டான்கள் வைரஸுக்குள் இறங்கும், உள்ளே கட்டிவைத்த மரபுப்பொருள் அவிழ்ந்து வெளியேறும். மதகு திறக்காவிட்டால் வைரஸ் தன் சரக்கை இறக்கவே முடியாது.

இதெல்லாம் மறைமுகச் சான்றுகள். அணு அணுவாக உருவம் வேண்டும். அங்கேதான் சிக்கல்.

சவ்வுப் புரதத்தின் உடல் கொழுப்பில் வாழப் பழகியது. தண்ணீரில் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். படிகமாக்க வேண்டுமென்றால் முதலில் டிடர்ஜென்ட்டில் கரைக்க வேண்டும், பிறகு வரிசையில் நிற்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். கரைசல் என்.எம்.ஆரிலும் தொல்லை உண்டு. அதில் மூலக்கூறு வேகமாகப் புரண்டுகொண்டே இருந்தால்தான் சமிக்ஞை கூர்மையாகத் தெரியும். முழுச் சவ்வுத் துண்டு ஒன்று அப்படிப் புரளாது, அசையாமல் கிடக்கும். எனவே அங்கும் டிடர்ஜென்ட்தான் அடைக்கலம்: புரதத்தைச் சுற்றி ஒரு சிறு உருண்டையாகத் திரண்டு, அதைத் தூக்கிக்கொண்டு புரளும்.

இரண்டு வழியிலும் புரதத்தை அதன் வீட்டிலிருந்து கிளப்பித்தான் பார்க்கிறோம். கிளப்பாமல் பார்க்க முடியாதா என்று கேட்டவர்கள் திடநிலைக்காரர்கள்.

அவர்களுடைய கருவி கொஞ்சம் முரட்டுத்தனமானது. ஹைட்ரஜன், கார்பன்-13, நைட்ரஜன்-15 முதலிய அணுக்கருக்கள் சின்னஞ்சிறு காந்தங்கள். பலமான காந்தப்புலத்தில் வைத்து ரேடியோ அலையைச் செலுத்தினால், ஒவ்வொன்றும் தன் சுற்றுப்புறத்துக்கு ஏற்ற அதிர்வெண்ணில் பதில் தரும். இயற்கையில் மிகுதியாக இருக்கும் கார்பன்-12 ஊமை. ஆகவே பார்க்க வேண்டிய இடத்தில் மட்டும் கார்பன்-13ஐயோ நைட்ரஜன்-15ஐயோ வைத்துப் புரதத்தைச் செய்துகொள்ள வேண்டும். கரைசலில் புரளும்போது திசைச் சிக்கல்கள் சராசரியாகி மறைந்துவிடுகின்றன. அசையாத மூலக்கூறில் அவை அப்படியே நின்று, சமிக்ஞையை அகலமான கும்பலாக்கிவிடுகின்றன.

இந்தக் கும்பலை இரண்டு விதமாக வென்றார்கள். ஒன்று, திசையையே தகவலாக்கிக்கொள்வது. மெல்லிய கண்ணாடித் தகடுகளின் மேல் கொழுப்புப் படலத்தையும் புரதத்தையும் பரப்பி அடுக்கினால் எல்லாச் சுருள்களும் காந்தப்புலத்துக்கு ஒரே சாய்வில் நிற்கும். நைட்ரஜனின் அதிர்வெண்ணே அந்தச் சாய்வைச் சொல்லிவிடும். இதற்கான கூர்மையான அளவீட்டு முறையை 1994இல் பென்சில்வேனியாவில் ஸ்டான்லி ஒபெல்லாவின் ஆய்வகத்தில் சின் வூ, ஐயலுசாமி ராமமூர்த்தி, ஒபெல்லா மூவரும் வெளியிட்டார்கள். ராமமூர்த்தி கான்பூர் ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் முடித்து அங்கே போனவர். இந்த முறையில் ஒரு சுருளின் சமிக்ஞைகளைத் தாளில் குறித்தால் வட்டமாக வரும். வட்டம் எங்கே விழுகிறது என்று பார்த்தாலே சுருள் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அளவீட்டு அறிவியலில் இத்தனை அழகான படங்கள் அதிகம் கிடையாது.

ஃப்ளோரிடாவின் டாலஹாசியில் திமோத்தி கிராஸ் இந்த வழியில்தான் எம்2வை அணுகினார். 1997இல் அவர் குழு சொன்னது: சவ்வுக்குள் எம்2 சுருள்கள் செங்குத்தாக நிற்கவில்லை, 30 பாகைக்கு மேல் சாய்ந்து, நான்குமாகப் பின்னிக்கொண்டிருக்கின்றன. முழு உருவம் இன்னும் தொலைவில் இருந்தது. ஆனால் சாய்வு கிடைத்துவிட்டது. டாலஹாசியின் தேசிய உயர்காந்தப்புல ஆய்வகத்தில் பின்னாளில் 21.1 டெஸ்லா காந்தம் ஒன்று வந்து சேர்ந்தது. எடை 15 டன். உள்ளே வைக்கும் மாதிரியில் இருப்பதோ சில மில்லிகிராம் புரதம்.

இரண்டாவது வழி, சுழற்றுவது. காந்தப்புலத்துக்கு 54.7 பாகை சாய்ந்த அச்சில் மாதிரியை வினாடிக்குப் பல ஆயிரம் தடவை சுற்றினால், திசைச் சிக்கல் பெருமளவு கழிந்துபோகும். வேல்ஸின் பாங்கரில் ரேமண்ட் ஆண்ட்ரூவின் குழு 1958இலேயே இதைக் கண்டது. அந்தக் கோணத்துக்கு மாயக்கோணம் என்று பெயர் நிலைத்துவிட்டது. மாயம் ஒன்றும் இல்லை, சமன்பாட்டில் ஓர் உறுப்பு பூச்சியமாகும் கோணம் அது. சுழற்றும்போது, நமக்குத் தேவையான தூரத் தகவலும் சேர்ந்தே கழிந்துவிடுமே? அதை மட்டும் திரும்ப வரவழைக்க, 1989இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் டெர்ரி குலியனும் ஜேக்கப் ஷேஃபரும் ‘ரெடோர்’ என்ற உத்தியைக் கொண்டுவந்தார்கள். சுழற்சியோடு தாளம் சேர்த்து ரேடியோத் துடிப்புகளைக் கொடுத்தால், தேர்ந்தெடுத்த இரண்டு அணுக்கருக்களுக்கு இடையிலான ஈர்ப்புவிலக்கு மட்டும் மீண்டும் தலைகாட்டும். அது தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும்: தூரம் இரண்டு மடங்கானால் வலிமை எட்டில் ஒன்று. அதாவது, அடுத்த வீட்டுக்காரர் யார் என்பதை மட்டும் தீர்மானமாகச் சொல்லும் ஒரு சாட்சி.

இப்போது 2008க்கு வருவோம். முதல் கட்டுரை ஹார்வர்டின் ஜேசன் ஷ்நெல், ஜேம்ஸ் சௌ எழுதியது. கரைசல் என்.எம்.ஆர்., டிடர்ஜென்ட் உருண்டை, எம்2வின் 18 முதல் 60 வரையான பகுதி, ரிமாண்டடின். மருந்தை மிகத் தாராளமாகச் சேர்த்திருந்தார்கள். அது துளைக்கு வெளியே, 44ஆம் இடத்து அஸ்பார்ட்டிக் அமிலத்தருகே ஒட்டியிருந்தது. மருந்து வெளியிலிருந்தபடியே சுருள்களை இறுக்கி மதகை மூடிவைக்கிறது என்பது அவர்கள் வாதம். இரண்டாவது கட்டுரை பென்சில்வேனியாவில் வில்லியம் டீகிராடோ குழுவினுடையது. முதல் ஆசிரியர் அமாண்டா ஸ்டவுஃபர். 22 முதல் 46 வரையான குட்டித் துண்டு, எக்ஸ் கதிர்ப் படிகம், அமாண்டடின். மருந்து துளைக்குள், 31ஆம் இடத்து செரினுக்கு அருகே உட்கார்ந்து வழியை அடைத்திருந்தது. ஆனால் மருந்துள்ள அந்தப் படிகத்தின் தெளிவு 3.5 ஆங்ஸ்ட்ராம்தான். அந்தத் தெளிவில் அணுக்களைப் பிரித்துப் பார்க்கக் கண்ணைக் கசக்க வேண்டியிருக்கும்.

இரண்டு பக்கமும் ஓட்டை இருந்தது. ஒரு பக்கம் சற்று நீளமான துண்டு, ஆனால் மருந்து மிகுதி. மறு பக்கம் பொருத்தமான இடம், ஆனால் இன்னும் குட்டையாக வெட்டிய புரதம், மங்கலான படம். மருந்துக்கு மசியாத வைரஸ்களில் மாற்றம் ஏற்படுவது பெரும்பாலும் துளையை நோக்கிய இடங்களில்தான் என்பது துளைக் கட்சிக்குச் சாதகம். பின்டோவும் லாம்பும் அதே ஆண்டில் வெளி இடத்தைக் குலைத்துப் பார்த்தார்கள். மருந்து அப்போதும் வேலை செய்தது. சௌ குழு விடவில்லை, 2009இல் மறுபடியும் வெளி இடத்துக்கே வாதாடியது. என் கணக்கில் இந்த இழுபறிதான் எம்2 வரலாற்றின் சிறந்த பகுதி. இரு தரப்பும் கண்டதைக் கண்டபடிதான் சொன்னார்கள், யாரும் தரவைப் புரட்டவில்லை. அவரவர் புரதத்தை எதில் நனைத்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மெய் ஹாங் செய்தது இதுதான். எம்2 துண்டை வேதிமுறையில் கட்டி, குறிப்பிட்ட அமினோ அமிலங்களில் மட்டும் கார்பன்-13ஐ வைத்தார். டிடர்ஜென்ட்டை விட்டுவிட்டு, நிஜமான கொழுப்பு இரட்டைப் படலத்தில் பதித்தார். அமாண்டடினின் கூண்டிலிருக்கும் 15 ஹைட்ரஜன்களையும் டியூட்டீரியமாக மாற்றிய மருந்தைச் சேர்த்தார். மாதிரியைக் குளிரவைத்து, மாயக்கோணத்தில் சுழற்றி, ரெடோரை ஓட்டினார். டியூட்டீரியம் எந்தக் கார்பனுக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அந்தக் கார்பனின் சமிக்ஞை குறையும். வேறு எந்தக் கற்பனைக்கும் இடமில்லை.

ஒரு கால்வாய்க்கு ஒரு மூலக்கூறு என்ற அளவில் மருந்து சேர்த்தபோது, செரின் 31இன் கார்பன் குறைந்தது. அஸ்பார்ட்டிக் 44 அசையவில்லை. மருந்தை நான்கு மடங்காக்கினார்கள். அப்போது 44உம் குறைந்தது. ஆகவே துளைக்குள் இருப்பது மருந்து விரும்பிப் போகும் இடம். வெளியே இருப்பது, துளை நிரம்பி மிச்சமானது போய் ஒட்டும் இடம். ஹார்வர்டுக்காரர்கள் இல்லாததைப் பார்க்கவில்லை. ஆனால் அவர்கள் பார்த்தது மருந்து வைரஸைத் தடுக்கும் இடம் இல்லை. சாரா கேடி முதல் ஆசிரியராக, இது 2010 பிப்ரவரியில் ‘நேச்சர்’ இதழிலேயே வெளிவந்தது. ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அந்தக் கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில் டீகிராடோவும் இருந்தார். ஆகவே ஹாங்கை நடுநிலை நீதிபதி என்று சொல்வது சரியாகாது. ஆனால் அளவீடு யார் பக்கம் உட்கார்ந்து எடுக்கப்பட்டது என்பதைவிட, டியூட்டீரியத்துக்குப் பக்கத்தில் எந்தக் கார்பன் இருந்தது என்பதுதான் கணக்கு. 2011இல் சௌ குழுவே, எம்2வையும் இன்ஃப்ளூயன்சா பி வைரஸின் இணைப் புரதத்தையும் ஒட்டிச் செய்த கலப்புக் கால்வாய் ஒன்றில் ரிமாண்டடின் துளைக்குள் இருப்பதை வெளியிட்டது.

கொழுப்பா டிடர்ஜென்ட்டா என்ற கேள்விக்கு இன்னும் வலுவான சான்று எம்2வின் வால் பக்கத்தில் கிடைத்தது. சவ்வைத் தாண்டியதும் சுருள் ஒடிந்து இன்னொரு சிறு சுருளாகத் தொடர்கிறது. டிடர்ஜென்ட் உருண்டையில் எடுத்த உருவத்தில் அந்த வால் தண்ணீருக்குள் விலகித் தொங்கியது. 2010 அக்டோபரில் கிராஸ் குழு கொழுப்புப் படலத்துக்குள்ளேயே 22 முதல் 62 வரையான பகுதியின் உருவத்தை வெளியிட்டபோது, அதே வால் சவ்வின் மேற்பரப்பில் படுத்துக் கிடந்தது. ஒரு பக்கம் எண்ணெய், ஒரு பக்கம் நீர் என்று இரண்டையும் விரும்பும் சுருள் அது. படுக்க மேற்பரப்பு இல்லாத உருண்டையில் அது வேறென்ன செய்யும்?

கிராஸ் குழுவின் அந்த உருவம் வந்த ‘சயன்ஸ்’ இதழிலும் ஒரு பக்கத்துவீட்டுச் சண்டை உண்டு. 505ஆம் பக்கத்தில் ஹாங், 509இல் கிராஸ். இந்த முறை தகராறு மருந்தைப் பற்றியதில்லை, ஹிஸ்டிடின் 37 எப்படிப் புரோட்டானைக் கைமாற்றுகிறது என்பதைப் பற்றியது. நான்கு ஹிஸ்டிடின்கள் ஒவ்வொன்றாகப் புரோட்டானை ஏற்கும் அமில அளவுகளை கிராஸ் குழு 2006இலேயே அளந்திருந்தது: 8.2, 8.2, 6.3, கடைசியது 5க்கும் கீழே. முதல் இரண்டு சாதாரண நிலையிலேயே ஏறிவிடுகின்றன. மூன்றாவது ஏறும் 6.3 என்பது, வைரஸை விழுங்கிய பை அமிலமாகும் வழியில் தொடும் அளவு. அதுதான் மதகின் சாவி. சண்டை, கைமாற்றும் விதத்தில். இரண்டு ஹிஸ்டிடின்கள் ஒரு புரோட்டானைப் பலமான ஹைட்ரஜன் பிணைப்பில் பங்கிட்டுக்கொள்கின்றன என்றது கிராஸ் தரப்பு. ஹிஸ்டிடின் வளையங்கள் திரும்பித் திரும்பி, துளையில் நிற்கும் நீர் மூலக்கூறுகளோடுதான் புரோட்டானை மாற்றிக்கொள்கின்றன என்றது ஹாங் தரப்பு. 2020இல்கூட கிராஸ் குழு தன் பிணைப்புக்குச் சான்று வெளியிட்டது. இது எனக்குப் பழைய ஊர் வழக்குபோல் இரண்டு தலைமுறை ஓடும் என்றே படுகிறது.

இத்தனை கூர்மையும் வந்து சேர்ந்தபோது மருந்தின் காலம் முடிந்திருந்தது என்பதுதான் கொடுமை. 31ஆம் இடத்து செரின் அஸ்பரஜினாக மாறினால் மருந்து துளைக்குள் நிற்காது. அதற்கு வைரஸின் மரபுக்குறியீட்டில் ஓர் எழுத்து மாறினால் போதும். 2003க்குப் பிறகு அந்த மாற்றம் உலகெங்கும் பரவியது. 2005-06 ஃப்ளூ பருவத்தில் அமெரிக்காவில் சோதித்த ஹெச்3என்2 வைரஸ்களில் 92 சதவீதம் மருந்துக்கு மசியவில்லை. 2006 ஜனவரியில் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம், ஃப்ளூவுக்கு அமாண்டடினும் ரிமாண்டடினும் வேண்டாம் என்று அறிவித்தது. 2009இல் பரவிய ஹெச்1என்1 வைரஸும் அதே மாற்றத்தோடுதான் வந்தது. மருந்து எங்கே உட்கார்கிறது என்று 2008இல் மோதிக்கொண்டவர்கள், ஏற்கெனவே மருத்துவர்கள் கைவிட்ட ஒரு மாத்திரையைப் பற்றித்தான் மோதிக்கொண்டார்கள். ஆனாலும் வீண் என்று சொல்ல மாட்டேன். மாறிய துளைக்குள் வேறெது பொருந்தும் என்று பின்னர் தேடியவர்கள், துளையில்தான் தேட வேண்டும் என்பதை இங்கிருந்துதான் கற்றார்கள்.

2014இல் ஹாங் எம்.ஐ.டி.க்கு மாறினார். 2020 மார்ச்சில் வளாகம் மூடப்பட்டபோது அவருடைய ஆய்வகம் கொரோனாவின் ‘இ’ புரதத்தைக் கையிலெடுத்தது. 75 அமினோ அமிலங்கள். செல்லுக்குள் வைரஸ் உருவாகும் சவ்வுகளில் அது அயனிகளுக்கு வழிவிடுகிறது. அந்தச் சவ்வின் கொழுப்புக் கலவையையே முடிந்தவரை ஒத்த படலத்தில் 8 முதல் 38 வரையான பகுதியைப் பதித்து, அதே சுழற்சி, அதே காந்தம். ஐந்து சுருள்கள் நெருங்கி நிற்கும் ஒரு கட்டு வெளிப்பட்டது. எம்2வின் துளையில் நீர் தாராளமாக நின்றது. இங்கே ஃபினைல்அலனின் வளையங்கள் அடுக்கி உள்ளே நீருக்கு அதிக இடமில்லை. நவம்பரில் முடிவு வெளியாயிற்று. 2023இல் அதே குழு, அமிலத்தில் இந்தக் கட்டு வாய் அகன்று திறக்கும் நிலையையும் காட்டியது.

கொரோனாவின் முள் புரதத்தின் உருவமோ 2020 பிப்ரவரியிலேயே, வைரஸின் மரபுவரிசை வெளியான சில வாரங்களில், கைக்குக் கிடைத்துவிட்டது. அதை எடுத்த கருவி வேறு. இ புரதம் அந்தக் கருவிக்கு அகப்படாத அளவுக்குச் சிறியது. முள்ளைப் பிடித்த அந்தக் குளிர்நிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் கதை அடுத்த இதழில்.